ஏறாமல் எட்டுமா? கொன்சவேட்டரிக் கூரை பற்றி வாசகர் கேள்விகள்

வீட்டுக்குப் பின்னால் ஒட்டிக் கட்டிய கண்ணாடி அறையை இங்கே லண்டனில் எல்லாரும் கொன்சவேட்டரி என்கிறார்கள். எங்கள் வீடுகளில் அது கறிவேப்பிலைக் கன்று பனிக்கு ஒதுங்கும் இடம், மிளகாய் காயும் இடம், மாமி மீன் பொரிக்கும் இடம். போன இதழில் ஜன்னல் துடைக்கும் தொழிலைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கூரையைப் பற்றியே கேட்கின்றன. 17 வருடமாக ஹரோ, கென்டன், வெம்பிளிப் பக்கம் வான் வண்டி வைத்து இந்த வேலை செய்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜன்னல் துடைக்கத் தொடங்கி 8 மாதம் ஆகிறது. ஒருவர் போன் எடுத்து, “சின்னக் கொன்சவேட்டரிதான், கூரை கழுவ எவ்வளவு?” என்று கேட்டார். 60 பவுண் என்று சொல்லிவிட்டேன். காலை 9 மணிக்குப் போனவன் பின்னேரம் 4 மணிக்குத்தான் வெளியே வந்தேன். விலை எப்படிச் சொல்வது, அண்ணை?
– ஓர் இளைஞர், ஹெய்ஸ்

தம்பி, அந்த 60 பவுணை நானும் ஒருமுறை சொன்னவன்தான். எனக்கும் “சின்னது” என்றுதான் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் ஆங்கில P எழுத்து வடிவத்தில் வளைந்த கூரை. ஒரு பக்கம் அயல்வீட்டு மதில், நடுவில் ஆள் நுழைய ஒன்றரை அடி. அந்தப் பக்கத்தில் பிரஷை நிமிர்த்தவே முடியவில்லை. 6 மணித்தியாலம் நின்றேன். வீட்டுக்காரர் தேநீர் இரண்டு தரம் தந்தார், அதுதான் லாபம்.

இந்த வேலையில் சதுர மீற்றர் கணக்கு உதவாது. நிலத்தில் நின்றபடி பிரஷ் எவ்வளவு தூரம் எட்டும், எட்டாத இடம் எவ்வளவு என்பதுதான் கணக்கு. எட்டுகிற இடம் சும்மா வேலை. எட்டாத ஒவ்வொரு அடிக்கும் நேரம் இரண்டு மடங்கு.

அதனால் போனில் விலை கேட்டால் நான் சொல்வதில்லை. “மேல்மாடிப் படுக்கையறை ஜன்னலால் கூரையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ, பின்வளவில் நின்று இன்னொரு படம்” என்று கேட்பேன். அனுப்ப இரண்டு நிமிடம். மேலிருந்து எடுத்த படத்தில் தகடுகளை எண்ணலாம். பச்சையா, கட்டிப் பாசியா என்று தெரியும். முகட்டில் பூவேலை மாதிரி வெள்ளைப் பிளாஸ்டிக் ஓடுகிறதா என்று பார்ப்பேன். அதன் இடுக்குகளில் அழுக்குப் போய் ஒட்டிவிட்டால் அரை மணித்தியாலம் அதற்கே போய்விடும். வளவுப் படத்தில் மதில், குடில், மீன்குளம், ரோசாச்செடி எல்லாம் தெரியும். கூரைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே பெட்டி மாதிரி மழைத்தண்ணீர்ப் பீலி ஒன்று மறைந்திருக்கிறதா என்பதையும் அதிலேயே பார்த்துக்கொள்வேன். பெட்டிப் பீலி இருந்தால் கட்டாயம் நேரில் போய்ப் பார்க்காமல் விலை இல்லை.

கணக்கு ஒன்று காட்டுகிறேன். போன வசந்தத்தில் கென்டனில் ஒரு வீடு. விக்டோரியன் என்கிறார்களே, முன்பக்கம் பல கோணமாக வளைந்து வரும் வகை. பொலிகாபனேற் என்ற பிளாஸ்டிக் கூரை, 18 தகடு, வடக்குப் பார்த்தது, மேலே அயல்வீட்டு மரம். தகடு ஒன்றுக்கு 5 பவுண் வைத்து 90. முகட்டுப் பூவேலைக்கு 15. பீலியின் உள்ளே அள்ள 20. பக்கச் சட்டங்களும் கண்ணாடியும் 40. கட்டிப் பாசிக்கு 25. மொத்தம் 190. பிறகு இதை நேரத்தோடு வைத்துப் பார்ப்பேன். குழாய் இழுத்து, திரும்பச் சுருட்டுவது வரை 4 மணித்தியாலம் என்று நினைத்தேன். மணிக்கு 45 பவுணுக்குக் குறைந்தால் எனக்குக் கட்டாது. மழைநாள், விலை பார்க்கப் போகும் ஓட்டம், டீசல், காப்புறுதி எல்லாம் அந்த 45க்குள்தான் இருக்கின்றன. இரண்டு கணக்கும் கிட்டக்கிட்ட வந்தால் அந்த விலையைச் சொல்வேன். வராவிட்டால் எங்கேயோ எதையோ பார்க்காமல் விட்டிருக்கிறேன் என்று அர்த்தம், படத்தைத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன்.

இவை என் பக்கத்து விலைகள். உங்கள் பக்கத்தில் கொஞ்சம் மாறும். ஆனால் எவ்வளவு சின்னக் கூரையாக இருந்தாலும் 85க்குக் கீழே நான் வானைத் திருப்புவதில்லை.

இன்னொன்று. “கூரை மட்டும் போதும், பக்கம் வேண்டாம்” என்பார்கள். அப்படி ஒரு வேலை உலகத்தில் இல்லை. மேலே கழுவுகிற கறுப்புத் தண்ணீர் முழுக்கப் பக்கக் கண்ணாடியில்தான் வடியும். அதை அப்படியே விட்டுவிட்டுப் போனால், கூரையை யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள், கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். ஆகவே “கூரை மட்டும்” விலையிலும் பக்கங்களை ஒருதரம் அலசும் நேரத்தைச் சேர்த்துவிடுங்கள்.

“எங்கட ஆள்தானே, பார்த்துச் செய்யுங்கோ” என்பதும் வரும். நான் 10 பவுண் குறைப்பேன், அதற்கு மேல் இல்லை. வேலை எல்லாருக்கும் ஒன்றுதான்.

என் மருமகன் தானே கூரையில் ஏறிக் கழுவப் போகிறேன் என்கிறார். பலகை போட்டு அதில் முழந்தாளிட்டால் பாரம் பரவிவிடும், ஒன்றும் ஆகாது என்கிறார். சரியா?
– ஒரு வாசகி, இல்ஃபோர்ட்

இல்லை அம்மா. மறித்துவிடுங்கள்.

அந்தக் கூரை மழையையும் பனியையும் தாங்கச் செய்தது, ஆளைத் தாங்க அல்ல. பொலிகாபனேற் தகடு பல வருட வெயில் குடித்துக் குடித்து முறுகிப் போயிருக்கும். பார்க்கப் புதிசு போலவே இருக்கும், முழங்கால் பட்டதும் பிளக்கும். பலகை வைத்தாலும் அது சாய்ந்து கிடக்கும் சட்டத்தின் மேல்தான் இருக்கும், ஈரப் பாசியில் வழுக்கும். கீழே இருப்பது மாபிள் தரையும் கண்ணாடி மேசையும்.

2005 ஆம் ஆண்டின் உயர வேலை விதிகள் தொழிலாகச் செய்கிற எங்களுக்கு முதலில் சொல்வதே, உயரத்தில் ஏறாமல் செய்ய வழி இருந்தால் ஏறாதே என்பதுதான். மருமகன் சொந்த வீட்டில் செய்வதை எந்த அதிகாரியும் வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் விழுந்தால் எலும்பு ஒன்றுதானே. நீட்டித் தடியும் மென்மையான பிரஷும் வாடகைக்குக் கிடைக்கும். அதைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் நிற்கச் சொல்லுங்கள். மேல்மாடி ஜன்னலால் எட்டிப் பிடித்துக் கழுவுவதும் வேண்டாம், அது ஏறுவதை விட மோசம்.

சரி, ஏறாமல் எப்படித்தான் கழுவுகிறீர்கள்? ஒழுங்காகச் சொல்ல முடியுமா? என்னிடம் பிரஷர் வொஷர் இருக்கிறது, அது போதுமா?
– ஒரு வாசகர், குறொய்டன்

பிரஷர் வொஷரை வாசல் கல் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதை என் செலவில் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். கூட்டாளியிடம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு போனேன். பாசி பறக்கிறதைப் பார்க்க நல்ல சந்தோசம். கீழ்முனையில் சட்டத்தை மூடியிருந்த வெள்ளை மூடி ஒன்று “டப்” என்று கழன்று புல்லில் விழுந்தது. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்துத் தகடு மெதுவாக, பாம்பு ஊர்வது போல, இரண்டு அங்குலம் கீழே வழுக்கி வந்தது. மேலே இடைவெளி. உள்ளே சோபா. வேலைக்குப் பேசிய கூலி 75 பவுண், தகட்டை ஏற்றிப் பூட்ட வந்தவருக்கு நான் கொடுத்தது 140.

இந்தக் கூரைகள் மேலிருந்து கீழே வரும் தண்ணீருக்கு மட்டுமே கட்டப்பட்டவை. ரப்பர் ஓரம், சுவரோடு மடித்த ஈயத் தகடு, முகட்டு மூடி எல்லாம் மழை விழும் திசையை நினைத்து வைத்தவை. கீழே நின்று அழுத்தமாக மேல்நோக்கி அடித்தால் தண்ணீர் ரப்பருக்குள்ளாலும் ஈயத்துக்குக் கீழாலும் உள்ளே போகும். பிரஷ் பிடித்தாலும் இதே விதிதான். சட்டத்தின் நீளவாக்கில், மேலிருந்து கீழே. குறுக்காகத் தேய்த்தால் ரப்பர் கிளம்பும்.

நான் செய்வது இப்படி. போனதும் முதலில் வீட்டுக்குள் போவேன். உள்கூரையில், மூலைகளில், ஜன்னல் படியில் பழைய தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுப்பேன், வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுவேன். (இது ஏன் என்று கீழே இன்னொருவர் கேட்கிறார்.) காயப்போட்ட உடுப்பை எடுக்கச் சொல்வேன், கூரைக் கதவுகள் இறுக மூடியிருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு வெளியே வந்து, பீலியில் தண்ணீர் இறங்கும் ஓட்டைக்குள் பழைய காலுறை ஒன்றைச் சுருட்டிச் செருகுவேன். இல்லாவிட்டால் நீங்கள் கழற்றுகிற பாசி முழுக்கக் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும், ஒரு கிழமையில் போன் வரும். அந்தக் குழாய் மழைத்தண்ணீர்ப் பீப்பாவில் இறங்கினால் அதைக் கழற்றி வைப்பேன். அந்தத் தண்ணீரைத்தானே வீட்டுக்காரர் தக்காளிக்கு ஊற்றப் போகிறார்.

ஏணி வைப்பது பீலி அள்ள மட்டும். அதையும் பிளாஸ்டிக் பீலியில் சாய்ப்பதில்லை, வீட்டுச் சுவரில் தாங்கி வைத்துச் சாய்ப்பேன். 4 அடி உயரத்துக்கு 1 அடி வெளியே.

கட்டிப் பாசியை முதலில் நனைத்து ஊறவிட வேண்டும். காய்ந்த பாசியை உரசினால் அதற்குள் இருக்கும் மண் பொலிகாபனேற்றில் கீறல் போடும், அந்தக் கீறலில்தான் அடுத்த வருடப் பாசி குந்தும். 10 நிமிடம் ஊறினால் தோசைக்கல்லில் இருந்து நன்றாக வெந்த தோசை கிளம்புவது போலத் தானாகக் கிளம்பும். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம். தடியின் நுனியில் வளைந்த கழுத்து ஒன்று பூட்டியிருக்கும். அது இல்லாவிட்டால் பிரஷ் நுனியில் மட்டும் படும், இருந்தால் கூரைச் சாய்வில் தட்டையாகப் படியும். இந்தத் தொழிலில் நான் கொடுத்த காசில் மிகப் பயன்பட்டது அந்த வளைகழுத்துத்தான்.

கடைசி அலசல் சுத்தத் தண்ணீரில். லண்டன் குழாய்த் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர். கேத்தில் அடியைப் பார்த்தால் தெரியும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் கருவியை என் வீட்டுக் குழாயில் வைத்தால் 320 காட்டும். வடிகட்டிச் சவ்வுக்குள்ளால் போனால் 12, பிசின் மணிகளுக்குள்ளால் போனால் 0. அந்த 0 தண்ணீர் காயும்போது ஒரு புள்ளியும் விடாது, துணியால் துடைக்கத் தேவையில்லை. எட்டாத உயரத்தில் துடைக்க முடியாது என்பதால்தான் இந்தப் பாடு. ஒரு கூரைக்கு 150 லீற்றருக்குக் குறையாமல் போகும். வானில் 350 லீற்றர்த் தாங்கி வைத்திருக்கிறேன். நிரம்பினால் தண்ணீர் மட்டும் 350 கிலோ, ஆகவே கயிற்றால் கட்டக் கூடாது, வானின் உடம்போடு இரும்புச் சட்டம் போட்டுப் பூட்ட வேண்டும்.

ஓகஸ்ட் மத்தியான வெயிலில் செய்யாதீர்கள். சோப்பு கூரையிலேயே காய்ந்து கோடாகும். சூடான கூரையில் குளிர் தண்ணீர் பட்டால் தகடு சுருங்கிக் கிரீச் கிரீச் என்று கத்தும். ஒன்றும் உடையவில்லை, ஆனால் உள்ளே இருக்கும் அம்மா ஓடி வருவார்.

எங்கள் பிளாஸ்டிக் கூரையின் தகட்டுக்கு உள்ளேயே பச்சையும் செத்த பூச்சிகளும் தெரிகின்றன. வந்து பார்த்தவர் 250 பவுணுக்கு எல்லாம் போகும் என்றார்.
– ஒரு வாசகி, மிச்சம்

போகாது. அந்தத் தகடு தேன்கூடு போல உள்ளே அறை அறையாக இருக்கும். கீழ்முனையில் ஒட்டியிருக்கும் நாடா பழுதானால் ஈரமும் பூச்சியும் உள்ளே போகும். வெளியே இருந்து தேய்த்து அதை எடுக்க முடியாது. தகட்டைக் கழற்றிக் கழுவிக் காயவைத்துப் புது நாடா ஒட்டலாம், ஆனால் அது கூரை வேலைக்காரரின் வேலை. பழைய தகடென்றால் மாற்றுவது லாபம். 250 கொடுக்காதீர்கள்.

எங்கள் கூரை தானே தன்னைக் கழுவும் கண்ணாடி என்று சொல்லி விற்றார்கள். 6 வருடத்தில் பச்சை பிடித்துவிட்டது. ஏமாற்றமா?
– ஒரு வாசகர், நியூ மோல்டன்

முழு ஏமாற்றமும் இல்லை, முழு உண்மையும் இல்லை. இந்த வகைக் கண்ணாடியைப் பில்கிங்ரன் கொம்பனி 2001 இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மேலே கண்ணுக்குத் தெரியாத ரைற்றேனியம் டயொக்சைட் பூச்சு. பகல் வெளிச்சத்தில் உள்ள புறஊதாக் கதிர் பட்டால் அந்தப் பூச்சு உயிர்ப்பொருள் அழுக்கை உடைக்கும். மழை துளித்துளியாக நிற்காமல் விரிப்புப் போல வழிந்து அதைக் கொண்டுபோகும். ஆக, வெளிச்சமும் மழையும் இரண்டும் வேண்டும். மர நிழலில் வெளிச்சம் குறைவு. புறா எச்சம் கட்டியாக விழுந்தால் அதற்குள்ளால் கதிர் போகாது.

கழுவலாம், ஆனால் மென்மையாக. தகடு சுரண்டும் பிளேட், இரும்பு நார், பொடி போட்ட கிறீம் எதுவும் படக்கூடாது. பூச்சுப் போனால் போனதுதான். விலை சொல்லும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை. கண்ணாடிக் கூரையா என்று கேட்பதோடு நிறுத்தாமல் எந்தக் கண்ணாடி என்றும் கேளுங்கள்.

கொன்சவேட்டரிக்குள் இரண்டாவது அடுப்பு வைத்திருக்கிறோம். உள்கூரை முழுக்க மஞ்சள் பசை. இதற்குத் தனியாக 120 பவுண் கேட்கிறார்கள், வெளிக்கூரையை விட அதிகம்!
– ஒரு வாசகி, வெம்பிளி

நியாயமான விலைதான் தங்கச்சி. வெளியே மழை எனக்கு உதவி, உள்ளே எனக்கு ஒருவரும் இல்லை. தாளித்த எண்ணெய்ப் புகை தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தகடாக, கழுத்தை அண்ணாந்து, கையால் துடைக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மென்துணி. மூன்று தரம் தண்ணீர் மாற்ற வேண்டும். அடுப்புக் கழுவும் ஸ்பிறேயை அடிக்காதீர்கள், அமோனியா கலந்த கண்ணாடித் திரவமும் வேண்டாம், பொலிகாபனேற் வெளிறி நுண்ணிய வெடிப்பு விடும்.

காசை மிச்சம் பிடிக்க வழி சொல்கிறேன். கதிரை, மேசை, கறிவேப்பிலைத் தொட்டி எல்லாவற்றையும் நீங்களே முதல்நாள் வெளியே எடுத்து வைத்து, அதைச் சொல்லிவிட்டு விலை கேளுங்கள். நான் என்றால் 25 பவுண் குறைப்பேன்.

கூரை கழுவிக் கொடுத்தேன். 10 நாள் கழித்து “நீ கழுவியதால்தான் ஒழுகுகிறது” என்கிறார், காசும் தரவில்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், சௌத்தோல்

இதற்காகத்தான் அந்த உள்வீட்டுப் படங்கள். பாசி சில வேளை ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும், அதைக் கழுவியதும் பழைய ஒழுக்கு வெளியே வரும். பிழை உங்களுடையதல்ல, ஆனால் படம் இல்லாவிட்டால் உங்கள் வாய்ச்சொல்லுக்கு எதிராக அவருடைய வாய்ச்சொல்.

முதலில் போய்ப் பாருங்கள். போனில் சண்டை பிடிக்க வேண்டாம். மூடி ஒன்று கழன்றிருந்தால் நீங்களே தட்டிப் பூட்டிக் கொடுத்துவிடலாம். உண்மையிலேயே சேதம் என்றால் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து வாசியுங்கள். பொதுமக்களுக்கு ஆகும் சேதத்துக்கு 20 லட்சம் பவுண் வரை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். “நீங்கள் வேலை செய்துகொண்டிருக்கும் பொருளுக்கு இல்லை” என்று சின்ன எழுத்திலும் இருக்கலாம். கூரையைக் கழுவும்போது கூரைதான் அந்தப் பொருள்! அதையும் சேர்த்துத் தரச் சொல்லி வாங்க வேண்டும்.

காசு விசயம். வீட்டில் வைத்து ஒப்புக்கொண்ட வேலைக்கு வாடிக்கையாளருக்கு 14 நாள் மனம் மாறும் உரிமை உண்டு, 2013 ஆம் ஆண்டின் விதி அது. அந்த உரிமையை எழுத்தில் நாங்கள்தான் தெரிவிக்க வேண்டும். 14 நாளுக்குள் வேலை தொடங்க வேண்டும் என்றால் அவர் கேட்டுக்கொண்டதாக எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செய்த வேலைக்குக் கூலி கேட்பதே சிக்கல். நான் விலை அனுப்பும் செய்தியிலேயே இந்த உரிமையைச் சொல்லி, “இந்தத் திகதியில் வரச் சம்மதமா, ஆம் என்று பதில் போடுங்கள்” என்று முடிப்பேன்.

பெட்டிப் பீலிக்குள் புறாக் கூடு, முட்டையும் இருக்கிறது. எடுத்து எறியலாமா?
– ஒரு வாசகர், ஹவுன்ஸ்லோ

எடுக்காதீர்கள். பறவை பாவிக்கும் கூட்டைக் கலைப்பது 1981 ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி குற்றம். மே மாதம் எனக்கும் இப்படி ஒரு வீடு வந்தது. அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மற்றதைக் கழுவி, 40 பவுணைக் கழித்துக்கொண்டு, குஞ்சு பறந்த பிறகு வருகிறேன் என்றேன். செப்ரெம்பரில் போனபோது கூடு வெறுமையாக இருந்தது. பீலிக்குள் ஒரு வாளி எச்சமும் இருந்தது. அதற்கு 40 காணாது, 60 வாங்கினேன்.